640 படம் சேர்த்தேன், யோசனை பத்தாயத்தில் இருந்தது

2025 மார்ச்சில் எனக்கு ஒரு வேலை வந்தது. காவிரி டெல்டாவில் விவசாயிகளோடு சேர்ந்து இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளை, ஜூலையில் நடத்தவிருந்த விதை நெல் கண்காட்சிக்காக, மேட்டூர் அணைத் தண்ணீரைப் பற்றி ஒரு சுவர் நிறையப் புள்ளிவிவரப் படம் வேண்டும் என்று கேட்டது. பத்தடி நீளம், ஆறடி உயரம். மொத்தம் 75,000 ரூபாய், முன்பணம் 25,000. அதுவரை நான் கம்பெனிகளுக்கு எக்செல்லிலும் பவர் பிஐயிலும் டேஷ்போர்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவள். மாதாந்திர விற்பனை, இலக்கு எவ்வளவு, எட்டியது எவ்வளவு, அவ்வளவுதான். இதுதான் என் சொந்த யோசனையில் செய்யக் கிடைத்த முதல் வேலை. சந்தோஷத்தில் அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அடுத்த ஐந்து வாரத்தில் அந்த முன்பணம் முழுக்கக் கரைந்து, கையிலிருந்தும் கொஞ்சம் போய், கடைசியில் என் படத்தை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது யாராவது ஒருவர் முன்கூட்டி எச்சரித்திருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும். அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வேலை கைக்கு வந்ததும் முதலில் படங்களைத் தேடிச் சேமிக்கிற பின்ட்ரெஸ்ட் தளத்தைத் திறந்தேன். ஐடியா வேண்டும், அழகான ஐடியா, யாரும் செய்யாத ஐடியா. விருது வாங்கிய சார்ட்டுகளின் தொகுப்புகள், வெளிநாட்டுப் பத்திரிகைகளின் கிராஃபிக்ஸ் பக்கங்கள், டி3 என்ற நிரல் தொகுப்பில் செய்த அசையும் படங்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேமித்தேன். மூன்று வாரத்தில் 640 படங்கள் சேர்ந்துவிட்டன. சேரச் சேர எனக்குள் பயம்தான் வளர்ந்தது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு குழுவும் பல மாத உழைப்பும் இருந்தன. நான் பார்த்ததோ முடிந்த படத்தை மட்டும். அதைப் பார்த்துவிட்டு என் வெள்ளைத் திரையைப் பார்த்தால் கை ஓடாது. சரி, எனக்குப் பயிற்சி போதவில்லை என்று நினைத்து ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன், ஜிஎஸ்டியோடு 11,800 ரூபாய். அதிலும் திருப்தி வராமல் 4,200 ரூபாய்க்கு ஒரு டெம்ப்ளேட் தொகுப்பு வாங்கினேன். இதற்கு நடுவில் வந்த 18,000 ரூபாய் வேலை ஒன்றை நேரம் இல்லை என்று வேண்டாம் என்றேன். இன்னும் ஒரு கோடுகூட வரைந்திருக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் படங்களைப் பார்ப்பது தப்பில்லை, இன்றும் பார்க்கிறேன். ஆனால் டேட்டாவைத் திறப்பதற்கு முன்னால் பார்க்கக் கூடாது. உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்த பிறகு போய்ப் பார்த்தால், உங்கள் கேள்விக்குப் பக்கத்தில் வருகிற பத்துப் படம் மட்டும்தான் கண்ணில் படும், மற்றவை தானாக விலகிவிடும். கேள்வி இல்லாமல் போனால் எல்லாமே அழகாகத் தெரியும், எதை வேண்டுமானாலும் செய்யலாம் போலத் தோன்றும், அதனாலேயே எதையும் செய்ய முடியாது. இப்போது ஒரு வேலைக்கு இரண்டு மணி நேரம்தான் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். சேமிக்கிற ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அதில் எனக்கு என்ன பிடித்தது என்று ஒரு வரி எழுதிவிடுவேன். 'கலர் நல்லா இருக்கு' என்பதற்கு மேல் எழுத வரவில்லை என்றால் அந்தப் படம் எனக்கு உதவாது.

நான்காவது வாரம் பதற்றத்தில் ஒரு முடிவெடுத்தேன். சேமித்ததில் மிகவும் பிடித்த ஒரு வட்டப் படத்தை மாதிரியாக எடுத்துக்கொண்டேன். வருடத்தின் 12 மாதமும் ஒரு வட்டம், ஒவ்வொரு வருடமும் அதற்குள் ஒரு வளையம், அணையின் நீர்மட்டம் அடர்நீலத்திலிருந்து வெளிர் மஞ்சள் வரை நிறமாக மாறும். பார்க்க ஏதோ மரத்தைக் குறுக்கே அறுத்த மாதிரி இருந்தது. எனக்கு அப்படி ஒரு பெருமை. 60 சதுர அடிக்கும் சன்போர்டில் வினைல் ஒட்டி அச்சிட்டேன், 9,400 ரூபாய். கணக்குப் பார்த்தால் முன்பணம் 25,000 போய், மேலே 400 ரூபாய் என் பணம்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், விவசாயிகள் சங்கக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் அதைச் சாய்த்து வைத்தோம். ஒன்பது பத்து விவசாயிகள் வந்திருந்தார்கள். பெண்கள் நான்கு பேர். யாரும் எதுவும் சொல்லவில்லை. எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இதுல ஆனி மாசம் எங்க இருக்கு?" என்று கேட்டார். "ஐயா, இதோ ஜூன் இருக்கு பாருங்க, இங்கேருந்து இப்படிச் சுத்தி வரணும்" என்று காட்டினேன். அவர் தலையைச் சாய்த்து வட்டத்தோடு கூடவே போய்ப் பார்த்தார், கீழ்ப்பாதிக்கு வந்ததும் எழுத்து தலைகீழாகப் போய்விட்டது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு அம்மா மட்டும், "கலரெல்லாம் நல்லாருக்கு பாப்பா" என்றார். அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இது நல்லாத்தாங்க இருக்கு, ஆனா எங்க சனங்க இதைப் பார்த்துட்டு நகர்ந்து போயிடுவாங்க" என்றார். மறுபடி செய்யுங்கள், ஆனால் இந்த அச்சுச் செலவை எங்களால் ஏற்க முடியாது என்றும் சொன்னார். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை, பழையபடி விற்பனை டேஷ்போர்டுக்கே போய்விடலாம் என்றுதான் அன்று முடிவு பண்ணியிருந்தேன்.

அந்த வட்டத்தில் என்ன தப்பு என்று பிறகு புரிந்தது. 1984ல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே இருக்கிறது என்பதை மனிதக் கண் ரொம்பத் துல்லியமாக ஒப்பிடும். அதற்கு அடுத்துதான் நீளம், பிறகு கோணம், பரப்பளவு. நிறத்தின் அடர்த்தி கிட்டத்தட்ட கடைசி. நான் படத்தின் முக்கியமான விஷயத்தைக் கொண்டுபோய் அந்தக் கடைசி இடத்தில் வைத்திருந்தேன். போதாததற்கு உள்வளையம் சின்னது, வெளிவளையம் பெரியது, அதனால் பழைய வருடங்கள் தாமாகவே சிறுத்து, அண்மை வருடங்கள் பெருத்துத் தெரிந்தன. டேட்டாவில் அப்படி எதுவும் இல்லை. இன்னொன்றும் இருந்தது. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நீர்மட்டம் 60 அடி என்றால் அணை பாதி நிறைந்திருக்கிறது என்று என் படம் சொன்னது. அணை அடியில் குறுகி மேலே விரிகிற பள்ளம், 60 அடியில் சுமார் 25 டிஎம்சிதான் இருக்கும், கால்வாசிக்குச் சற்று மேல். இது அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பத்து நாள் கழித்து லேப்டாப் இல்லாமல் திரும்பப் போனேன். இந்தத் தடவை காட்டுவதற்கு ஒன்றும் கொண்டு போகவில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும். அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உங்களுக்கு மேட்டூரைப் பற்றி என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். எவ்வளவு தண்ணீர் என்பதில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. "என்னைக்குத் தொறந்தாங்க, எங்க மடைக்கு என்னைக்கு வந்துச்சு, அது ரெண்டும் தெரிஞ்சா போதும்மா" என்றார். ஜூன் 12ல் அணை திறப்பது மரபு. அந்தத் தேதியில் திறந்தால் குறுவை என்ற குறுகிய கால நெல்லைப் போடலாம், அதை அறுத்துவிட்டு இரண்டாவது போகமாகத் தாளடியும் போடலாம். ஆடி, ஆவணி என்று தள்ளிப்போனால் ஒரே போகம், சம்பா மட்டும்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை வந்து சேரவே மூன்று நான்கு நாள் ஆகும், வாய்க்கால்களின் கோடியில் இருக்கிற கடைமடைக்கு இன்னும் எத்தனையோ நாள். கடைமடைக்காரர்களுக்கு முக்கியமான கணக்கே அந்த நாள்தான்.

அப்புறம் அவர் என்னை உள்ளே கூட்டிப் போய்ப் பத்தாயத்தைக் காட்டினார். பத்தாயம் என்பது நெல் சேமிக்கிற பெரிய மரப்பெட்டி, உள்ளே இப்போது நெல் இல்லை, பழைய சாக்கும் பாத்திரமும்தான். அதன் முன்பலகையில் அடுப்புக்கரியால் வரிசையாக எழுதியிருந்தது. 2011 ஆனி 9. 2012 புரட்டாசி 17. 2017 ஐப்பசி 3. அவர் வயலுக்குத் தண்ணீர் வந்த நாள்கள். சில எழுத்துகள் அழிந்து, மேலே திரும்ப எழுதப்பட்டிருந்தன. நான் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், நெல் அள்ளுகிற வாய்க்கு இடப்பக்கம் எழுதியிருந்ததெல்லாம் ஆனி, ஆடி. வலப்பக்கம் ஆவணியிலிருந்து ஐப்பசி வரை. கேட்டேன். "அது குறுவை போட்ட வருஷம், இது போடாத வருஷம்" என்றார், அதில் என்ன இருக்கிறது என்பது போல. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்று வாரம் திரையில் நான் தேடிய சார்ட், மாத வரிசையும் வகைப்பாடும் சேர்ந்து அந்தப் பலகையில் இருந்தது.

அன்று ராத்திரியே நோட்டில் வரைந்தேன். ஒரு வருடத்துக்கு ஒரு வரி. இடமிருந்து வலமாக வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. ஜூன் 12க்கு, அதாவது வைகாசி 29க்கு, மேலிருந்து கீழாக ஒரு கோடு. அணை திறந்த நாளில் ஒரு புள்ளி. அவ்வளவுதான். 2011ல் புள்ளி கோட்டுக்கு முன்னாலேயே விழுகிறது, ஜூன் 6. அடுத்த வருடம் செப்டம்பர் 17க்கு ஓடிவிடுகிறது. 2013 ஆகஸ்ட் 2, 2016 செப்டம்பர் 20, 2017 அக்டோபர் 2. இப்படி 2012லிருந்து 2019 வரை எட்டு வருடம் ஒரு புள்ளிகூடக் கோட்டைத் தொடவில்லை. 2020ல்தான் திரும்ப ஜூன் 12க்கு வருகிறது, 2022ல் மே 24க்கே முந்திவிடுகிறது, 2024ல் மறுபடி ஜூலை 28க்குத் தள்ளிப்போகிறது. அந்த எட்டு வருட வெற்றிடத்தைப் பார்த்ததும் பெரியவர் பென்சிலை வாங்கி அதன் மேல் ஒரு வட்டம் போட்டார். "இது பூரா குறுவை இல்லன்னு எழுதிடாதம்மா, போர்வெல் போட்டவங்க மோட்டார் வச்சு நட்டாங்க, எங்களை மாதிரி ஆத்துத் தண்ணிய நம்புனவங்களுக்குத்தான் இல்ல" என்றார். நான் சரியாக அந்தத் தப்பைத்தான் எழுதவிருந்தேன். அவர் சொன்னது அப்படியே குறிப்பாகப் படத்தில் ஏறியது.

இதற்குப் பிறகுதான் பழைய பெரிய படங்களைப் பற்றி நிதானமாகப் படித்தேன், வேறு கண்ணோடு. கிரிமியப் போரில் இறந்த படைவீரர்களைப் பற்றி 1858ல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வெளியிட்ட படமும் வட்டம்தான். ஆனால் அவரிடம் ஒரே ஒரு வாதம் இருந்தது, காயத்தால் செத்தவர்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்களே அதிகம் என்று. அதை அதிகாரத்தில் இருப்பவர்கள் ஒரே பார்வையில் உணர வேண்டும், அதற்காக வந்தது அந்த வடிவம். 1854ல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ வீடு வீடாகச் சாவுகளைக் குறித்த வரைபடம் எல்லாருக்கும் தெரியும். அவர் முதலில் தெருவில் இறங்கி யார் எந்தப் பம்பில் தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தவர், வரைபடம் அந்த விசாரணைக்குப் பின்னால் வந்தது. பக்கத்திலேயே இருந்த பீர் தொழிற்சாலை ஆட்கள் சாகவில்லை, ஏனென்றால் அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை. இதெல்லாம் எந்த அட்டவணையிலும் இருக்காது. எனக்கு இவற்றில் ரொம்பப் பிடித்தது இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக் காலநிலை அறிஞர் எட் ஹாக்கின்ஸ் 2018ல் வெளியிட்ட வெப்பநிலைப் பட்டைகள், வருடத்துக்கு ஒரு பட்டை, நீலத்திலிருந்து சிவப்புக்கு. அதற்கு முந்தின வருடமே, அதே பல்கலைக்கழகத்தில் இருந்த எல்லி ஹைவுட் என்ற காலநிலை அறிஞர், வருடத்துக்கு ஒரு நிற நூல் என்று வைத்து உலக வெப்பநிலையை ஒரு போர்வையாகவே பின்னியிருந்தார். இதைப் படித்தபோது எனக்குப் பத்தாயம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் இப்போது ஐடியா வேண்டுமென்றால் முதலில் தேடுவது, அந்த விஷயத்தோடு வாழ்கிறவர்கள் அதை ஏற்கெனவே எப்படி அளக்கிறார்கள், எங்கே குறித்து வைக்கிறார்கள் என்பதைத்தான். பாலத்துத் தூணில் பெயின்ட்டில் எழுதிய அடிக்கணக்கு ஒரு சார்ட். அங்கன்வாடியில் குழந்தையின் எடையைக் குறிக்கிற அட்டை, பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பட்டை போட்டு வரும், அதைவிடத் தெளிவான வளர்ச்சிப் படம் எது? மேட்டூரில் தண்ணீர் நன்றாக வற்றினால் பண்ணவாடிப் பக்கம் முழுகிக் கிடந்த நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். நந்தி தெரிகிறது என்றாலே அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நிலைமை புரிந்துவிடும். கண்காட்சிச் சுவரின் ஓரத்தில் அணையின் குறுக்குவெட்டைப் போட்டு, அடிக்கணக்கு ஒரு பக்கம், டிஎம்சி ஒரு பக்கம், நடுவில் நந்தி என்று வைத்தேன். அதற்கு யாரும் விளக்கம் கேட்கவில்லை.

வேலை முறையிலும் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் டேட்டாவிலிருந்து பத்தே பத்து வரிசையை எடுத்துப் பென்சிலால் இருபது விதமாக வரைந்து பார்க்கிறேன், ஒன்றுக்கு இரண்டு நிமிஷம். முதல் ஆறேழு நாம் எங்கோ பார்த்ததாகத்தான் இருக்கும், அவற்றைத் தள்ளிய பிறகுதான் நம்முடையது வரத் தொடங்கும், அதனால் ஐந்தோடு நிறுத்திவிடாதீர்கள். பிடித்த படம் ஒன்று மனதை விட்டுப் போகவில்லை என்றால் அதைக் கையாலேயே உங்கள் டேட்டாவை வைத்து ஒருமுறை வரைந்து பாருங்கள். அந்த வடிவம் எதற்குப் பொருந்தும், எங்கே உடையும் என்று பாதியிலேயே தெரிந்துவிடும். என் வட்டத்தை முதலில் பென்சிலில் வரைந்திருந்தால் 9,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். பெரிதாக அச்சிடுவதற்கு முன் ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் பத்து ரூபாய்க்குள் எடுத்துப் பார்த்துவிடுங்கள், நிறம் இல்லாமலும் படம் நின்றால் சரி. சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பி வேறுபடுத்தாதீர்கள், ஆண்களில் கணிசமானவர்களுக்கு அந்த இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

காட்டும்போது 'நல்லா இருக்கா' என்று கேட்கவே கேட்காதீர்கள். நம் முகத்தைப் பார்த்தவர்கள் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள், அந்த அம்மா எனக்குச் சொன்ன மாதிரி. 'இதுல உங்களுக்கு என்ன தெரியுது' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அந்த மௌனம் கஷ்டமாக இருக்கும், எனக்கு இன்றும் அப்படித்தான், ஆனால் அதில் வருகிற பதிலுக்கு எந்த வகுப்பும் ஈடில்லை. காசு விஷயத்தில், ஒப்பந்தத்திலேயே பென்சில் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குகிற கட்டம் ஒன்றையும் அதற்குத் தனித் தொகையையும் எழுதிவிடுங்கள், களத்துக்குப் போய்வருகிற செலவையும் சேர்த்து. நான் அப்படி எழுதியிருக்கவில்லை, அதனால் இரண்டாவது பயணமும் இரண்டாவது அச்சும் என் தலையில் விழுந்தன. மீதி 50,000 வந்தது உண்மைதான், ஆனால் நான்கு மாத உழைப்புக்குக் கணக்குப் போட்டால் டேஷ்போர்டு வேலையில் கிடைத்ததில் பாதிகூட இல்லை.

ஜூலையில் கண்காட்சி நடந்தது. 2025ன் புள்ளி சரியாக ஜூன் 12 கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. மூன்று நாளும் என் படத்தை ஒட்டிய பலகைக்குப் பக்கத்திலேயே நின்றேன். வருகிறவர்கள் முதலில் தங்கள் வீட்டில் ஏதாவது நடந்த வருடத்தைத் தேடினார்கள், மகள் கல்யாண வருடம், மாடு விற்ற வருடம், பிறகு விரலை வைத்துப் புள்ளி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் கோட்டூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், 2018ன் புள்ளிக்கு வலப்பக்கம் சட்டைப் பையிலிருந்த பேனாவால் இன்னொரு புள்ளி வைத்தார். "அங்க தொறந்தது இது, எங்க ஊருக்கு வந்தது இது" என்றார். அறக்கட்டளைக்காரர் தடுக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன். அன்று சாயங்காலமே ஒரு பென்சிலை நூலில் கட்டிப் பலகையில் தொங்கவிட்டோம். கண்காட்சி முடியும்போது 61 பென்சில் புள்ளிகள் இருந்தன, சிலவற்றுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரோடு. அந்தப் பலகை இப்போது சங்கக் கட்டடத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை போய், புதிதாக வந்த புள்ளிகளை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன்.